சுவரை உடைக்குமுன் ஒரு கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

நெகிரி செம்பிலான் பாகாவ் வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல, வீட்டுக்கு ஏர்கோன் வாங்குவதைப் பற்றியவை. அவற்றிலும் சுவரில் பெட்டியாகப் பதிக்கும் ஒற்றை ஏர்கோனைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள் என்பதால், இந்த இதழில் அக்கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். பாகாவ் பட்டணத்தை ஒட்டிய மலிவு விலை வரிசை வீட்டில் இருக்கிறோம். தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வு பெற்ற என் தாயாருக்கு வயது 78. வெப்பத்தில் இரவெல்லாம் தூக்கமின்றித் தவிக்கிறார். அவருடைய அறை 10 அடிக்கு 12 அடி. பின்சுவரில் மாலை வெயில் படும். எங்கள் பின்சந்தில் ஸ்பிலிட் ஏர்கோனின் வெளிப்பெட்டிகளைச் செம்புக்காகக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆகவே சுவருக்குள் பதியும் ஒற்றைப் பெட்டியே நல்லது என்று மகன் சொல்கிறான். ஒரு குதிரைத்திறன் பெட்டிக்கு உறையோடு சேர்த்து 1,650 வெள்ளி என்கிறார் கடைக்காரர். சுவரை உடைத்துக் கட்டித்தரக் கொத்தனார் 450 வெள்ளி கேட்கிறார். என் கையில் 2,500 வெள்ளி இருக்கிறது. மின் கட்டணம் மாதம் ஏறக்குறைய 62 வெள்ளி வருகிறது. இந்தப் பணம் போதுமா?
– வாசகி, பாகாவ்

பதில்: போதாது, அம்மா, ஆனால் பற்றாக்குறை பெரியதன்று. எனக்குக் கவலை தருவது வாங்கும் நாளில் போகும் பணமன்று, அதன்பின் மாதந்தோறும் வரப்போகும் கட்டணந்தான். முதலில் கைச்செலவைப் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

கடைக்காரரும் கொத்தனாரும் சொன்ன தொகைகளைக் கூட்டினால் 2,100 வெள்ளி ஆகிறது. மீதி 400 வெள்ளி மிச்சம் என்று எண்ணியிருப்பீர்கள். அந்த 2,100 வெள்ளியில் ஒயர்மேன் கூலி அடங்கவில்லை, நீர் வடியும் குழாய் அடங்கவில்லை, வெளிப்பக்கம் போடவேண்டிய கிராதியும் அடங்கவில்லை. ஒயர்மேனுக்கு 350, குழாய்க்கும் கிராதிக்கும் விளிம்புகளில் அடைக்கும் சிலிகோனுக்கும் 150 என்று நான் ஒதுக்குவேன். சுவரை உடைத்தபின் எதிர்பாராமல் வெளிப்படும் வேலைகளுக்காக இன்னொரு 250 வெள்ளியையும் தனியே எடுத்து வைப்பேன். ஆக மொத்தம் 2,850. இவை என் மதிப்பீடுகள். உங்கள் ஊர் ஒயர்மேன் வீட்டுக்கு வந்து பார்த்துச் சொல்லும் விலையே முடிவானது. ஆனால் அந்தக் கடைசி 250 வெள்ளியை மட்டும் யார் சொன்னாலும் குறைக்காதீர்கள். பழைய வீட்டில் சுவரை உடைக்கும்போது உள்ளே ஓடும் மின்கம்பியோ, பூச்சு முழுவதும் பொருமிக் கிடப்பதோ தெரியவருவது வழக்கமான சங்கதி.

கொத்தனாரின் 450 வெள்ளியில் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். குறிப்பாக, துளைக்கு மேலே லிண்டல் வைக்கிறாரா என்று கேளுங்கள். செங்கற்சுவரில் இரண்டடிக்கு மேல் அகலமாக ஒரு துளை போட்டால், மேலே உள்ள கற்களைத் தாங்க ஒரு கான்கிரீட் தூலம் வேண்டும். அது துளையின் இருபுறமும் ஆறு அங்குலமாவது சுவர்மேல் அமர்ந்திருக்க வேண்டும். துளை 26 அங்குலம் என்றால் தூலம் 38 அங்குலம். இது இல்லாமல், பெட்டியின் தகர உறையே மேற்சுவரைத் தாங்கிக்கொள்ளும் என்று சிலர் பூசி மூடிவிடுவார்கள். முதல் ஆண்டில் ஒன்றும் தெரியாது. பிறகு துளையின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும், உறை வளையும், பெட்டியைச் சுத்தம் செய்ய வெளியே இழுக்க முடியாமல் போகும். வரிசை வீடுகளில் கான்கிரீட் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் இடையே உள்ள செங்கல் நிரப்பில் மட்டுமே துளை போடலாம். தூணையும் உத்தரத்தையும் தொடவே கூடாது. பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவரும் ஆகாது. வெளிச்சுவரை மாற்றுவதற்கு அனுமதி தேவையா என்பதை ஊராட்சி மன்றத்தில் கேட்டுவிடுங்கள். ஒரு நாள் அலைச்சலோடு போய்விடும்.

உறையை மட்டமாகப் பதிக்காமல், வெளிப்பக்கம் கால் அங்குல அளவில் சாய்த்துப் பதிக்க வேண்டும். பெட்டியோடு வரும் கையேட்டில் சரியான அளவு இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றிலிருந்து ஓரிரவில் பல லிட்டர் நீர் வடியும்; சாய்வு இல்லாவிட்டால் அந்த நீர் உள்சுவரில் இறங்கிப் பூச்சை உப்பவைக்கும். வெளிக்கிராதியின் கம்பிகள் நெருக்கமாக இருக்கக் கூடாது. திருடனுக்குப் பயந்து தகடுபோல் அடைத்துவிட்டால், பெட்டி வெளியே தள்ளும் வெப்பம் திரும்பி அதன்மேலேயே அடிக்கும்; அறை குளிராது, மீட்டர் மட்டும் ஓடும்.

இனி ஒயரிங். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 13 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 3,000 வாட் வரை தாங்கும். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஓடும்போது 900 வாட் அளவில்தான் எடுக்கும். ஆகவே பிளக்கில் செருகினாலே போதும் என்று கடைக்காரர் சொன்னால் அது முழுப் பொய்யன்று. ஆனால் கம்பிரசர் கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதே இணைப்பில் சோறு சமைக்கும் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் இருந்தால் பழைய கம்பிகள் சூடாகும். மெயின் பெட்டியிலிருந்து ஏர்கோனுக்கென்று தனி இணைப்பு, தனி எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் விசை), எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒயர்மேனின் கையால்: இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது மாதக் கட்டணம். தீபகற்பத்தில் 2025 ஜூலை 1 முதல் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் புதிய கட்டண முறையைப் பின்பற்றுகிறது. வீட்டுப் பயனீட்டாளருக்கு ஆற்றல் 27.03 காசு, கொள்ளளவு 4.55 காசு, வலையமைப்பு 12.85 காசு என ஒரு யூனிட்டுக்கு மொத்தம் 44.43 காசு, அதிலிருந்து, குறைவாகப் பயன்படுத்துவோருக்கு ஊக்கக் கழிவு கொடுக்கிறார்கள். 200 யூனிட் வரை யூனிட்டுக்கு 25 காசு கழியும். பயன்பாடு ஏற ஏற அந்தக் கழிவு படிப்படியாகச் சுருங்கி, 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமலே போகும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அடுத்த படிக்கு ஏறினால், ஏறிய யூனிட்டுகளுக்கு மட்டும் கழிவு குறைவதில்லை. அந்த மாதத்தின் எல்லா யூனிட்டுகளுக்கும் குறைகிறது.

உங்கள் 62 வெள்ளிக் கட்டணம் ஏறக்குறைய 285 யூனிட்டுக்குரியது. 251 முதல் 300 யூனிட் வரை கழிவு 22.5 காசு, ஆக, யூனிட்டுக்கு 21.93 காசு வீதம் 62 வெள்ளி 50 காசு. ஏர்கோன் இரவில் எட்டு மணி நேரம் ஓடி, அதில் கம்பிரசர் மூன்றில் இரண்டு பங்கு நேரம் இயங்கினால், மாதத்துக்கு 140 யூனிட் கூடும். 285-உம் 140-உம் சேர்ந்து 425. இந்தப் படியில் கழிவு 14.5 காசுதான், யூனிட்டுக்கு 29.93 காசு வீதம் 127 வெள்ளி 20 காசு ஆகிறது. பயன்பாடு பாதியளவே கூடியிருக்கிறது. கட்டணம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. 300 யூனிட்டைக் கடந்ததனால் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிதிக்கான 1.6 விழுக்காடும் வந்து சேரும். அதைச் சேர்க்காமலே மாதம் 65 வெள்ளி அதிகம். ஐந்தாண்டுகளில் அது 3,800 வெள்ளிக்கு மேல். பெட்டியின் விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் கூடுதல்.

ஆனால் இதே படிமுறையை உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பலாம். எட்டு மணி நேரத்தை ஆறாகக் குறைத்தால் மொத்தம் 390 யூனிட். அந்தப் படியில் கழிவு 17 காசு. கட்டணம் 106 வெள்ளி 98 காசு. அதாவது விடியற்காலை நான்கு மணிக்கு டைமர் ஏர்கோனை அணைத்துவிட்டால் மாதம் 20 வெள்ளி மிஞ்சுகிறது. அந்த நேரத்தில் பாகாவில் வெளிக்காற்றே தணிந்திருக்கும். கூரை விசிறி போதும். 400, 450 என்ற எல்லைகளை மீட்டரில் கண்காணியுங்கள். 450 யூனிட்டுக்கு 134 வெள்ளி 69 காசு. 451 யூனிட்டுக்கு 146 வெள்ளி 26 காசு. ஒரே ஒரு யூனிட்டின் விலை பதினோரு வெள்ளிக்கு மேல் ஆகிறது. மாதக் கடைசி வாரத்தில் மீட்டரைப் பார்த்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் வழக்கம், விலை கூடிய எந்த ஏர்கோனையும் விட அதிகம் மிச்சப்படுத்தும்.

செலவைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. இதைச் சொன்னால் கடைக்காரருக்குப் பிடிக்காது. அறைக்கு மேலே சீலிங் இருக்கிறதா, அதன்மேல் வெப்பத் தடுப்புப் பாய் விரித்திருக்கிறதா என்று பாருங்கள். மாலை வெயில் காயும் பின்சுவரும் கூரையும் விடிய விடிய வெப்பத்தை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும்போது, எத்தனை குதிரைத்திறன் வைத்தாலும் கம்பிரசர் ஓயாது. 120 சதுர அடி அறைக்குச் சதுர அடிக்கு 60 பிடியு (குளிரூட்டும் திறனை அளக்கும் அலகு) என்று கணக்கிட்டால் 7,200 பிடியு. ஒரு குதிரைத்திறன் பெட்டி ஏறக்குறைய 9,000 பிடியு தரும். ஆகவே ஒன்றே தாராளம். ஒன்றரை வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள்.

வாங்கும் முன் மகனிடம் இதையும் கேட்கச் சொல்லுங்கள்: பத்தாண்டுகள் கழித்து இந்தப் பெட்டி பழுதானால், இதே அளவில் இன்னொன்று கிடைக்குமா? சந்தை முழுவதும் ஸ்பிலிட் பக்கம் போய்விட்டது. சுவரில் பதியும் பெட்டி இன்று சிறு பகுதியே. கிடைக்காவிட்டால், அந்தத் துளையை அடைக்கும் செலவும் உங்களுடையதே. ஸ்பிலிட்டுக்குச் சுவரில் மூன்று அங்குலத் துளை போதும். விலையும் பெரும்பாலும் குறைவு. வெளிப்பெட்டியை உயரத்தில் மாட்டிப் பூட்டிய இரும்புக் கூண்டு போட்டால் திருட்டுப் பயமும் பெரிதும் குறையும். அதற்கான விலையையும் ஒருமுறை கேட்டு, என் கணக்கில் வரும் 2,850 வெள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுவர்ப்பெட்டிக்கும் தனிச் சிறப்பு உண்டு: அதன் குளிரூட்டும் வாயு தொழிற்சாலையிலேயே அடைத்து மூடப்படுவதால், வீட்டில் செம்புக் குழாய் இணைத்து வாயு ஏற்றும் வேலையும் அதில் வரும் கசிவும் இல்லை. ஆனால் கம்பிரசர் அறைச்சுவரிலேயே இருக்கும். அதன் உறுமல் தாயாரின் காதுக்கு எட்டும். கடையில் ஓடவிட்டுக் கேளுங்கள், முடிந்தால் அம்மாவையும் அழைத்துப் போங்கள்.

கேள்வி: ஐயா, ரொம்பின் பக்கத்தில் செம்பனைத் தோட்ட வீட்டில் குடியிருக்கிறேன். வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். இடுப்பளவு செங்கல், அதற்கு மேல் பலகை. பலகையை அறுத்து ஏர்கோன் வைப்பது எளிது, செலவும் இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், ரொம்பின்

பதில்: பலகையை அறுப்பது எளிதுதான், எளிதாக இருப்பதனாலேயே அவசரப்படாதீர்கள். வீடு நிர்வாகத்துக்குச் சொந்தமென்றால் நிர்வாகியின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் ஓர் ஆணியளவுக்குமேல் எதையும் செய்யாதீர்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கென 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறைந்தபட்சத் தரங்களை முதலாளிமேல் விதிக்கிறது. அதனால் வீடு உங்களுடையதாகிவிடாது. வேலை மாறும் நாளில் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போவீர்கள், துளை அங்கேயே இருக்கும். அதை மூடும் செலவு உங்கள் கணக்கில் விழுமா என்பதை அந்த அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

செலவில்லை என்பதும் சரியன்று. பலகை சுவருக்கு நிறைப்பே தவிர அதற்குப் பாரம் தாங்கும் வலு இல்லை. நாற்பது கிலோவை எட்டக்கூடிய பெட்டியை அதில் தொங்கவிட முடியாது. கீழே உள்ள செங்கற்சுவரில் ஊன்றி, நான்கு பக்கமும் கனமான மரச்சட்டம் கட்ட வேண்டும். சட்டத்துக்குக் கறையான் மருந்து அடிக்காவிட்டால் சில ஆண்டுகளில் அதைத் தட்டினால் உள்ளே பொள்ளலாக ஒலிக்கும். பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் இடுக்குகள் இருந்தால் குளிர்ந்த காற்று அவற்றின் வழியே போய்க்கொண்டே இருக்கும். முதலில் அறையின் உட்பக்கம் பிளைவுட் அடிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் நிலையில் நான் சன்னல் ஏர்கோனைத்தான் பார்ப்பேன். ஏற்கெனவே உள்ள சன்னலில் வைக்கலாம், வீட்டை விட்டுப் போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஆனால் சன்னல் பெட்டியையும் சுவர்ப்பெட்டியையும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். சன்னல் பெட்டியின் பின்பகுதியில் இரு பக்கவாட்டிலும் மேலேயும் காற்றிழுக்கும் கீற்றுத் திறப்புகள் இருக்கும். அவை சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுவர்ப்பெட்டியோ காற்றை இழுப்பதும் விடுவதும் பின்புறத்திலேயே நடப்பதால் முழுவதும் உறைக்குள் அடங்கலாம். சன்னல் பெட்டியைத் தடித்த சுவருக்குள் செருகி அந்தக் கீற்றுகளை மூடிவிட்டால் கம்பிரசர் சூடேறி விட்டுவிட்டு நிற்கும், கடைசியில் எரிந்துபோகும். மலிவாகக் கிடைக்கிறதென்று சன்னல் பெட்டியை வாங்கிச் சுவரில் பதிக்கும் வேலையைப் பட்டணத்துக் கடைவரிசைகளில் இன்றும் காணலாம்.

இன்னொன்றும் உண்டு. தோட்ட வீடுகள் சிலவற்றுக்கு மின்சாரம் நிர்வாகத்தின் வழியாக வருகிறது. அந்த இணைப்பு எத்தனை ஆம்பியர் தாங்கும், கட்டணத்தை எப்படிப் பிடிப்பார்கள் என்பதை அலுவலகத்தில் கிராணியிடம் கேட்டுவிட்டே பெட்டி வாங்குங்கள்.

கேள்வி: அண்ணே, எனக்கு மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. கடையில் ஏர்கோனின் ரொக்க விலை 1,390 வெள்ளி. தவணை என்றால் மாதம் 65 வெள்ளி, 36 மாதம். 65 வெள்ளி பெரிய பாரமாகத் தெரியவில்லை. அல்லது இபிஎஃப் சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கிலிருந்து எடுக்கலாமா? அம்மா சீட்டுப் போட்டுத் தருவதாகவும் சொல்கிறார்.
– வாசகர், பத்து கிக்கிர்

பதில்: தம்பி, 65 வெள்ளியை 36-ஆல் பெருக்கினால் 2,340 வெள்ளி. ரொக்க விலையைவிட 950 வெள்ளி அதிகம். தொடக்கக் கடன்தொகையை வைத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 23 விழுக்காட்டை ஒட்டிய வட்டி. நீங்கள் மாதந்தோறும் கட்டக் கட்டக் கடன் குறைந்துவருகிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 37 விழுக்காட்டைத் தாண்டும். கடையில் இந்த எண்ணை யாரும் எழுதி மாட்டியிருக்க மாட்டார்கள். 65 வெள்ளி என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

அதே 65 வெள்ளியை மாதந்தோறும் தனியாகப் போட்டு வைத்தால் 22 மாதங்களில் ரொக்கமாகவே வாங்கலாம். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்றால் பாதித் தொகையைச் சேர்த்துவிட்டு மீதிக்கு மட்டும், ஆறு அல்லது பன்னிரண்டு மாதத் தவணை கேளுங்கள். தவணைக்காலம் குறுகக் குறுகக் கூடுதல் தொகையும் இறங்கும். இதற்கிடையில் மாதம் 65 வெள்ளியை எடுத்து வைக்க உங்களால் முடிகிறதா என்பதும் தெரிந்துவிடும். ஏனென்றால் ஏர்கோன் வந்தபின் தவணையோடு மின் கட்டணமும் கூடும். உங்கள் வீட்டில் இப்போது 180 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் கட்டணம் 34 வெள்ளி 97 காசு. 140 யூனிட் கூடினால் ஏறக்குறைய 75 வெள்ளி. தவணை 65, கூடுதல் மின்சாரம் 40, ஆக மாதம் 105 வெள்ளி. 1,700 வெள்ளிச் சம்பளத்தில் பிடித்தங்கள் போகக் கைக்கு வருவதில் அந்த 105 வெள்ளியை வைத்துப் பார்த்தபின் பாரமா இல்லையா என்று சொல்லுங்கள்.

இபிஎஃப் நெகிழ்வுக் கணக்கு 2024 மே மாதத்தில் வந்தது. உங்கள் சந்தாவில் பத்து விழுக்காடு அதில் சேர்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சட்டப்படி தடையில்லை. ஆனாலும் வேலை போனாலோ மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலோ கையில் உடனே கிடைக்கும் பணம் அது ஒன்றுதான் என்ற நிலையில் உள்ளவர்கள் அதை ஏர்கோனுக்காகக் கரைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். தவணைக் கடன் 37 விழுக்காடு என்றால் அதைவிட இது மேல் என்று நீங்கள் வாதாடலாம்; வாதம் சரிதான். ஆனால் இரண்டைவிடவும் காத்திருப்பது மலிவு.

சீட்டைப் பற்றி ஒரு வரி: நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்தாலும், 1971ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தின்படி சீட்டு நடத்துவது குற்றம். பணத்தோடு ஆள் காணாமல் போனால் புகார் கொடுக்கப் போகிறவரும் சங்கடத்தில் மாட்டுவார். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வாங்கும் நாளில், மின்சிக்கனத்தைக் காட்டும் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர வில்லை பெட்டியில் ஒட்டியிருக்கிறதா, அரசாங்கத்தின் விலைக் கழிவுத் திட்டம் ஏதேனும் அப்போது நடப்பில் உள்ளதா என்று கேளுங்கள். 2021-இல் நட்சத்திரம் கூடிய ஏர்கோனுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் 200 வெள்ளி விலைக் கழிவு கொடுத்தார்கள். அத்தகைய திட்டங்கள் அவ்வப்போது திறந்து மூடும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அங்கே மலிவாகக் கிடைக்கும் சுவர் ஏர்கோனைக் கப்பலில் அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, பாகாவ்

பதில்: வேண்டாம். அங்கே வீட்டுப் பெட்டிகள் பல 115 வோல்ட்டில், 60 ஹெர்ட்ஸில் ஓடுபவை. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. மோட்டார் மெதுவாகச் சுழன்று சூடேறும். அங்கே பரவலாக உள்ள உறையின் அளவு 26 அங்குல அகலம், 15⅝ அங்குல உயரம். தங்கும் விடுதிகளில் உள்ள நீளப் பெட்டிக்கு 42-க்கு 16. அந்த அளவுக்குத் துளை போட்டுவிட்டு நாளை உள்ளூரில் வேறொன்று தேடினால் பொருந்தாது. பழுதுபார்க்க உதிரிப்பாகமும் கிடைக்காது. உறவினர் உதவ விரும்பினால் பணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, பழைய சாமான் கடையில் ஒரு சன்னல் ஏர்கோன் 250 வெள்ளிக்கு இருக்கிறது. ஓடவிட்டுக் காட்டினார்கள், நன்றாகக் குளிர்கிறது. வாங்கலாமா? வீட்டுக்கு முன்னால் செம்பனை லாரிகள் போகும் செம்மண் சாலை. அதனால் ஏதும் சிக்கல் வருமா?
– வாசகர், பாகாவ்

பதில்: பெட்டியின் பக்கத்தில் ஒட்டியுள்ள தகட்டைப் படியுங்கள். குளிரூட்டும் வாயு ஆர்22 என்றிருந்தால் விட்டுவிடுங்கள். ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி வளரும் நாடுகள் அவ்வகை வாயுவைப் படிப்படியாகக் குறைத்து, 2030-இல் பழுதுபார்ப்புக்கான சிறு அளவு தவிர முற்றாக நிறுத்த வேண்டும். இனி அது அருகிக்கொண்டே போகும். ஒருமுறை கசிந்தால் 250 வெள்ளிப் பெட்டிக்கு வாயு ஏற்றும் கூலி கட்டுப்படியாகாது. ஆர்410ஏ அல்லது ஆர்32 என்றிருந்தால், ஓடும்போது அதன் மின்னிழுப்பை ஒயர்மேன் அளந்து பார்க்கட்டும். தகட்டில் உள்ள ஆம்பியரைவிடக் கூடுதலாக இழுத்தால் கம்பிரசர் தேய்ந்திருக்கலாம்.

செம்மண் தூசி சிக்கல்தான். முன்வடிகட்டியை இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவோர்கூட, சாலைப் பக்கம் இருக்கும் பின்சுருளைப் பார்ப்பதில்லை. அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே செம்மண்ணும், செம்பனைக் குலையிலிருந்து பறக்கும் நாரும் சேர்ந்து, காய்ந்ததும் மண்கட்டியாக இறுகிவிடும். மழைச்சாரல் பட்டால் அந்தக் கட்டியே நீர் வடியும் துளையை அடைத்து, தண்ணீரை அறைக்குள் திருப்பும். பெட்டியை வெளியே இழுத்துக் கழுவும் செலவையும் ஆண்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்; உங்கள் சாலைக்கு ஆண்டுக்கு இருமுறை தேவைப்படும். அழுத்தம் கூடிய நீர்த்துப்பாக்கியை நேராகப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். தோட்டக் குழாயின் தண்ணீரே போதும். புகைமூட்டக் காலத்தில் பெட்டியின் முகப்பில் உள்ள வெளிக்காற்றுத் திறப்பை மூடிவிடுங்கள். பழைய பெட்டிகளில் அந்தத் திறப்பின் விசை துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றிருக்கும். கடையிலேயே அதைத் தள்ளிப் பாருங்கள்.